வீட்டு ஸ்பீக்கர்: ‘இது போதும்’ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். வாங்கிய புதிதில் பாட்டு கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் விமர்சனங்களைப் படிக்க ஆரம்பித்தீர்கள். திரை விலகியது, கருவிகளுக்கு நடுவே காற்று வீசியது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் எந்தத் திரையும் விலகவில்லை. நண்பர் டிஏசியை, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டியை, மாற்று என்கிறார். ‘இந்த சிஸ்டம் போதுமா, இல்லை என் காதுக்குத்தான் குறை தெரியவில்லையா’ என்று கேட்கிறீர்கள். இதில் ஸ்பீக்கரைப் பற்றிய கேள்வி பாதிதான். உங்கள் காதை நீங்கள் நம்பலாமா என்பது மீதிப் பாதி. அதற்குத் தெளிவான பதில் இருப்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்த்தவன். பிறகு பல வருஷமாக வீடுகளில் ஸ்பீக்கர் வைத்து, மைக்கால் அளந்து, சரிசெய்து கொடுக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு கேட்பதற்கு மட்டும். ஹெட்ஃபோனுக்கும் ஹோம் தியேட்டருக்கும் கணக்கு வேறு. உங்கள் அறையில் உட்கார்ந்து கேட்காமல்தான் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காது விஷயம். ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஷான் ஆலிவ் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 268 பேர், நான்கு ஸ்பீக்கர்கள், எது எந்த ஸ்பீக்கர் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி பெற்றவர்களும் சரி, பெறாதவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் கறாராக மார்க் போட்டார்கள், மறுபடி கேட்டாலும் தங்கள் மதிப்பெண்ணை அவ்வளவாக மாற்றவில்லை, அவ்வளவே வித்தியாசம். அதற்கு முன்பே 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் செய்த சோதனைகளும் இதே பக்கம்தான் காட்டின: கீழ்சுரமோ மேல்சுரமோ எந்த அலைவரிசையையும் தூக்காமல், அமுக்காமல், நேர் எதிரேயும் பக்கவாட்டிலும் சீராக ஒலி அனுப்பும் ஸ்பீக்கர் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது. ஆகவே பழகாத காது என்ற பயத்தை விட்டுவிடலாம். பயிற்சியால் கூடுவது பெரும்பாலும், கேட்டதற்குப் பெயர் சொல்லும் திறமைதான்.

என் அளவுகோலும் அங்கிருந்து வந்ததுதான். குறையைச் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். எந்தப் பாட்டு, எந்த இடம், எந்தக் கருவி, அங்கே என்ன ஆகிறது? ‘பெண் குரலில் ச, ஷ வரும் இடமெல்லாம் காதைக் கீறுகிறது’, ‘பேஸ் கிடாரில் ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்கி வருகிறது’, ‘பாடுபவர் நடுவில் நிற்காமல் இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார்’: இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அநேகமாக மருந்தும் உண்டு. ‘ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது’ என்பதற்கு மருந்து கிடையாது, எவ்வளவு செலவழித்தாலும். விமர்சனம் படித்த கையோடு கேட்க உட்கார்ந்தால் காது, பல்லிடுக்கைத் துழாவும் நாக்கு மாதிரி ஆகிவிடும். தேடினால் எதையாவது கண்டுபிடித்தே தீரும். ஒரு மாதம் எதையும் படிக்காமல், வழக்கமாகக் கேட்கும் பாட்டுகளையே கேளுங்கள். அதற்குள் சுட்டிக்காட்டும்படியான ஒரு குறை தானாகவே வந்து நிற்கவில்லை என்றால், அந்த சிஸ்டம் உங்களுக்குப் போதும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

காதை நம்பலாம் என்றேன், ஆனால் கண்ணோடு சேர்ந்த காதை நம்ப வேண்டாம். டூலும் ஆலிவும் 1994-ல் ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களுக்கு இரண்டு விதமாகக் கேட்கக் கொடுத்தார்கள், ஒரு முறை மறைத்து, ஒரு முறை பார்க்கும்படி. பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெரிதாக, விலையுயர்ந்ததாகத் தெரிந்தவை மேலே ஏறின, மறைவில் நன்றாகவே மார்க் வாங்கிய ஒரு சின்ன சிஸ்டம் கீழே இறங்கியது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் தொழிலிலேயே இருந்தவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி. நீங்கள் படிக்கும் விமர்சனங்களில் மிகப் பெரும்பாலானவை, எழுதியவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, விலையும் தெரிந்துகொண்டே எழுதியவைதான்.

இதைவிடத் தந்திரமான எதிரி ஒலி அளவு. இரண்டு ஒலிகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தால், ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது, ‘இது தெளிவாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போதும் வீட்டில் புதுப் பெட்டியை மாட்டிக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது, யாரும் ஏமாற்றத் தேவையே இல்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயரையோ இரண்டு டிஏசியையோ நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் அளவை 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்த வேண்டும். அது காதால் முடியாத காரியம். ஒரு டெஸ்ட் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து வோல்டேஜைச் சமப்படுத்துவோம். அப்புறம் வேறு ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லிவிட்டேன் என்று துள்ளாதீர்கள். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே ஏழு அல்லது அதற்கு மேல் சரியாக விழுவது, ஆறு பேர் முயன்றால் ஒருவருக்கு நடக்கும். ஒன்பது சரியாக வந்தால் பேசலாம், அது தற்செயலாக நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான்.

சரி, இப்போது அறை. என்னைக் கூப்பிடும் வீடுகளில் மிகப் பெரும்பாலும் பிரச்சினை இங்கேதான் இருக்கும், ஆனால் யாரும் அறையைச் சந்தேகப்பட்டுக் கூப்பிடுவதில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அறையின் நீளம் 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 34 அதிர்வு) ஒலி அலை சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பி, நகராத நிலையலையாக மாறிவிடும், 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டர் உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ், அப்புறம் இவற்றின் மடங்குகள். அந்த அலைவரிசைகளில் அறையின் சில இடங்களில் பேஸ், அதாவது கீழ்சுர ஒலி, முழங்கும், சில இடங்களில் காணாமல் போகும். உட்காரும் இடத்தில் அளந்தால் பேஸ் பகுதியில் 10 டெசிபல், 15 டெசிபல் ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். இரண்டு நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை அளந்தால் பெரும்பாலும் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எதில் கைவைக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

அறையைச் சோதிக்கக் காசு வேண்டாம். பேஸ் கிடார் ஏறி இறங்கி நடக்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே பருமனில் வருகிறதா என்று கேளுங்கள். மிருதங்கம் கேட்பவராக இருந்தால் தொப்பியின் கும்காரம் இழுத்து நெளிந்து அடங்குகிறதா, இல்லை எல்லா அடியும் ஒரே ‘பொம்’மாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு எழுந்து அறைக்குள் நடந்துபாருங்கள். இடத்துக்கு இடம் பேஸ் ஏறி இறங்கினால், நீங்கள் அதுவரை ஸ்பீக்கரின் குறை என்று நினைத்தது நாற்காலியின் இடமாக இருக்கலாம். பின்சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில் பேஸ் ஊதிப்போகும். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் சில சுரங்கள் செத்துப்போகும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதற்கும் விலை உண்டு: ஸ்பீக்கரின் முன்முகம் பின்னாலிருக்கும் சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 107 ஹெர்ட்ஸை ஒட்டி நேர் ஒலியோடு மோதி அதைக் குறைக்கும். அதனால் ‘இத்தனை அடி தள்ளி வை’ என்று பொதுவான விதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு ஜாண் ஒரு ஜாணாக நகர்த்திக் கேட்பதுதான் வழி. ட்வீட்டர் (மேல்சுரம் தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்கட்டும், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய சம முக்கோணமாக இருங்கள், வெறும் தரை என்றால் நடுவில் ஒரு கனமான கம்பளம் விரியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று, சிரிக்காதீர்கள்: ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் வயரை மட்டும் யாராவது மாற்றிச் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். வருஷக்கணக்காக அப்படியே கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேஸ் மெலிந்து, பாடுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவிக் கிடப்பார். மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள், அல்லது ஒரே ஒருவர் பேசும் பதிவு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும்.

பேச்சுக் குரலைப் பற்றிச் சொல்லும்போது, ‘போதும்’ என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் இருப்பதிலேயே நல்ல கருவி அதுதான். பிபிசி பொறியாளர்கள் தங்கள் ஸ்பீக்கர்களை உருவாக்கிய காலத்திலிருந்தே பேசும் குரலை வைத்துச் சோதித்தார்கள். நம் காதுக்கு மனிதக் குரல் அளவுக்குப் பரிச்சயமான ஒலி வேறு கிடையாது. வீட்டில் ஒருவரை நிதானமாகப் பேசவைத்து, திறந்த வெளியில், எதிரொலி இல்லாமல் பதிவு செய்து, அவரையே பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேளுங்கள். நெஞ்சுக்கூடு பெருத்து, பீப்பாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் 100-200 ஹெர்ட்ஸ் பகுதியில் வீக்கம், அது பெரும்பாலும் அறை. மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தால் நடுப்பகுதியில், அது பெரும்பாலும் ஸ்பீக்கர். எச்சில் தெறிக்கிற மாதிரி இருந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. போன் மைக்குக்கும் தன் சாயம் உண்டு என்பதால் இதைத் துல்லியமான அளவீடாக எடுக்க வேண்டாம், ஆனால் பெரிய குறை எதுவும் இதில் தப்பாது.

இன்னொரு சோதனை, களைப்பு. ஒரு மணி நேரம் கேட்ட பிறகு கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகிறதா? முதல் பத்து நிமிஷத்தில் அசத்தும் ஸ்பீக்கர்களில் பல இதில் தோற்கும், ஏனென்றால் அசத்துவதற்காகவே மேல்சுரப் பகுதியை, அதாவது ட்ரெபிளை, சற்றுத் தூக்கி வைத்திருப்பார்கள். இதோடு சேர்த்து, உங்களிடம் இருக்கும் பதிவுகள் ஒன்றுக்கொன்று வேறு வேறாகக் கேட்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாப் பாட்டும் ஒரே நிறத்தில் வந்தால் நீங்கள் கேட்பது ஸ்பீக்கரின் நிறம். மோசமான பதிவு மோசமாகக் கேட்பது குறையல்ல. ஒலியளவைப் பிழிந்து எடுத்து எந்நேரமும் ஒரே உச்சத்தில் நிற்கும் பாட்டுகளை எந்த சிஸ்டமும் காப்பாற்றாது. ஆனால் ‘என் சிஸ்டம் அவ்வளவு நுட்பமானது, அதனால்தான் பாதிப் பாட்டு கேட்கச் சகிக்கவில்லை’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அவர்களிடம் அந்த நுட்பம் வேறொன்றுமில்லை, தூக்கிய ட்ரெபிள்தான்.

குறைந்த சத்தத்தில் பேஸ் மெலிந்து கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அது உங்கள் காது வேலை செய்யும் விதம். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள்: ஒலியளவு குறையக் குறைய, நடுப்பகுதியைவிட பேஸைக் கேட்கும் திறன் நமக்கு வேகமாக இறங்குகிறது. இரவில் மெதுவாகக் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆம்ப்ளிஃபயரில் லவுட்னஸ் பட்டன் இருந்தால் அது இதற்காகத்தான். டோன் கன்ட்ரோலைத் தொடுவது பாவம் என்று ஒரு கூட்டம் சொல்லும், கண்டுகொள்ள வேண்டாம். இதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி ருசி தேடுவதுதான் ஆபத்து; உலக சுகாதார அமைப்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்.

வாட் கணக்கும் இதோடு வருகிறது. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எழும் ஒலியளவு) உள்ள இரண்டு ஸ்பீக்கருக்கு ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தாலே இரண்டரை மீட்டர் தள்ளி 80 டெசிபலைத் தாண்டிவிடும். பாட்டில் வரும் திடீர் உச்சங்களுக்குப் பத்து மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் வேண்டும், அதற்குத்தான் 50, 60 வாட். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். சத்தம் கூட்டும்போது ஒலி இறுகி, கரகரத்து, தட்டையாகப் போகவில்லை என்றால் உங்கள் ஆம்ப்ளிஃபயர் போதும்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. உயர்தரம் என்று விற்கப்படும் 24-பிட், 96 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் பதிவுகள் சிடியைவிட மேலா? 1982-ல் வந்த சிடியின் 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சுமார் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தையும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும் தாங்கும். நாற்பது வயது தாண்டிய பலருக்கு 15, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவுகளை அப்படியே ஒரு தடவையும் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவையும் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் பாதிக்குப் பாதிதான் சரி, அதாவது காசு சுண்டிப் போட்ட மாதிரி. ஆனால் 2016-ல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடியது. ஆகவே ‘வித்தியாசமே இல்லை’ என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அது அவ்வளவு சிறியது, உங்கள் கேள்விக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை. அதேபோல புது ஸ்பீக்கரைப் பல நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனியும் என்பதும். வூஃபரின் (பேஸ் தரும் பெரிய வட்டம்) விளிம்பும் அதைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பைடரும் ஆரம்பத்தில் சற்றுத் தளர்வது உண்மை, அளந்தால் தெரியும். அதன் பிறகு மாறுவது ஸ்பீக்கரா, அதற்குப் பழகிப்போன நம் காதா என்று கேட்டால், பெரும்பங்கு காது என்பதுதான் என் கணிப்பு. பக்கச்சுவரில் பட்டு வரும் எதிரொலியை அமுக்குவதா விடுவதா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. எனக்கு வீட்டில் கொஞ்சம் எதிரொலி இருப்பது பிடிக்கும், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும்போது பிடிக்காது.

கடைசியாக உங்கள் நண்பரின் டிஏசி யோசனை. இப்போதிருக்கும் டிஏசி பழுதில்லாதது என்றால் மாற்ற வேண்டாம். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை வழக்கமான இடத்தில் விட்டு, உட்காருமிடத்திலிருந்து கேளுங்கள். ‘உஸ்’ என்றோ ‘ம்ம்ம்’ என்றோ சத்தம் வந்தால் விசாரிக்க வேண்டியதுதான், ஆனால் ‘ம்ம்ம்’ பெரும்பாலும் எர்த் லூப்பாலும் (பெட்டிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது) தளர்ந்த வயராலும் வரும். கேபிளும் அப்படியே. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் 5 மீட்டர் ஓடினால் போக வரச் சேர்த்து மின்தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. நண்பர் விடமாட்டேன் என்றால் அவருடைய டிஏசியையே இரவல் வாங்கி, மேலே சொன்ன மாதிரி வோல்டேஜைச் சமப்படுத்தி, அவரையே உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடவைத்துப் பத்து தடவை கேட்டுப்பாருங்கள்.

கையில் காசு இருக்கிறது, எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக் வாங்குங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். உட்காருமிடத்தில் அளந்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளை மட்டும் ஈக்யூவால் (அலைவரிசைவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) இறக்குங்கள். பள்ளங்களை நிரப்பப் பார்க்காதீர்கள், ஆம்ப்ளிஃபயர் திணறும், பள்ளம் அப்படியேதான் இருக்கும். அடுத்தது சப்வூஃபர், அதாவது ஆழமான பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர். ஐந்து அங்குல வூஃபர் வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸிலேயே தளர்ந்துவிடும், பேஸ் கிடாரின் கடைசித் தந்தியோ 41 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரை மாற்றுவது அதற்கும் அப்புறம்தான். அளந்த வரைபடம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், அறையின் நீள அகலத்தையும் சோபா எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் மேடு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும்.